ஹாவ் போட்ட கடிதமும் ஹாவ் போடாத கடிதமும்

என்னுடைய ஆங்கிலத்தைப் பார்த்து நீங்கள் இரண்டு பேரும் சிரிப்பது எனக்குத் தெரியும். சிரியுங்கள். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். ஆனால் ஒன்று சொல்லி வைக்கிறேன். நீங்கள் பரீட்சை மண்டபத்துக்குள் போய் ஒரு மணித்தியாலத்தில் நாற்பது வசனம் எழுதிவிட்டு வெளியே வந்து ஐஸ்கிரீம் கேட்கிறீர்கள். உங்கள் அப்பா ஒரே ஒரு ஆங்கில வசனத்தோடு பன்னிரண்டு நாட்கள் மல்லுக்கட்டியவன். அந்த வசனத்தில் எந்தச் சொல்லை யார் வெட்டினார், யார் திரும்ப ஒட்டினார், எந்த நிற மையால் ஒட்டினார் என்று என்னை நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

வசனம் பெரியதல்ல. 'நான் பதினான்கு வருடமாகத் தண்ணீர்ப் பம்ப் திருத்தி வருகிறேன்.' அவ்வளவுதான். தமிழில் சொன்னால் யாரும் கேட்டுவிட்டுத் தலையாட்டிவிட்டுப் போவார்கள். ஆங்கிலத்தில் எழுதினால் அது வழக்காகிவிடும். ஆங்கிலத்தில் செய்த வேலையைச் சொல்ல இரண்டு வழி உண்டாம். வேலை முடிந்து, கதவும் பூட்டியாகிவிட்டது என்றால் ஒரு வழி. செய்த வேலையின் வால் இன்றைக்கும் நம்மோடு ஒட்டிக்கொண்டு வருகிறது என்றால் மற்ற வழி. இந்த மற்ற வழிக்கு 'ஹாவ்' என்று ஒரு சின்னச் சொல்லை இடையில் செருக வேண்டும். வெள்ளைக்காரர் இதைத் தாய்ப்பாலோடு குடித்துவிடுகிறார்கள். நான் இதை முப்பத்தெட்டாவது வயதில், சைக்கிள் மிதித்துக் குடித்தேன்.

காலத்தைச் சொல்கிறேன். தொண்ணூறில் சண்டை திரும்பத் தொடங்கி, கரண்ட் போய், மண்ணெண்ணெய் வருவதும் நின்றுபோன பிறகு வந்த வருடம். மருதனார்மடம் சந்தியிலிருந்து கொஞ்சத் தூரத்தில், ஒரு சலூனை ஒட்டினாற்போல என்னுடைய தகரக் கொட்டில் இருந்தது. அதற்கு முன்பு வெங்காயக்காரர், புகையிலைக்காரர், மிளகாய்க்காரர் என்று எல்லோரும் இறைப்பு மெசினைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு என்னிடம் வரிசையாக வந்தவர்கள். எண்ணெய் போனதும் வரிசையும் போனது. தோட்டக்காரர் பம்பைக் கழுவித் துடைத்துச் சாக்கால் மூடி அறைக்குள் வைத்துவிட்டுக் கிணற்றுத் துலாவில் ஏறி மிதிக்கத் தொடங்கினார்கள். நான் சைக்கிள் ரியூப்புக்கு ஒட்டுப் போட்டேன். வேறு வேலை கிடையாது. உங்களில் ஒருவருக்கு ஐந்து வயது, மற்றவருக்கு மூன்று. காலையில் மரவள்ளிக்கிழங்கு, மத்தியானம் மரவள்ளிக்கிழங்கு. அம்மா கிழங்கை உரிக்க உட்கார்ந்தாலே சின்னவர் அழத் தொடங்குவார்.

அப்படியிருக்கும்போது ஒரு நாள் சலூன்காரர் சவரக் கத்தியைக் கையில் பிடித்தபடியே என் கொட்டிலுக்கு ஓடி வந்தார்.

"அண்ணை, உங்களுக்கு வேலை வந்திருக்கு!"

"ஆரின்ரை சைக்கிள்?"

"சைக்கிள் இல்லையண்ணை. யாழ்ப்பாணம் போற றோட்டில வெள்ளைக்காரர் ஒராள் நிவாரணக் கந்தோர் திறந்திருக்கிறாராம். காங்கேசன்துறைப் பக்கத்தால ஓடி வந்த சனம் இருக்கிற பள்ளிக்கூடங்களிலை கிணறும் பம்பும் பாக்க ஆள் வேணுமாம். உங்களை விட்டால் ஆர்?"

அவர் சொன்னதைக் கேட்டபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது உங்களுக்கு வாங்க முடியாமல் போன பால்மா. இரண்டாவதாகத்தான் பம்ப் வந்தது.

நான் அந்த அலுவலகத்துக்குப் போய்க் கேட்டேன். மேசையில் இருந்த பெண்பிள்ளை விபரம் சொன்னாள். விண்ணப்பம் ஆங்கிலத்தில் எழுத வேண்டும். அந்தக் கடிதத்தின் அடியிலேயே, மேலே எழுதியிருப்பது சரி என்று, ஆங்கிலம் தெரிந்த மதிப்பான இரண்டு பேர் கையெழுத்து வைக்க வேண்டும். அடுத்த வாரம் புதன்கிழமையோடு முடிவு.

எனக்குத் தெரிந்த ஆங்கிலம் முழுவதும் பம்புக்குள்ளே இருந்த ஆங்கிலம். வால்வு, நொசில், கஸ்கெற், காபரேற்றர். இவற்றைக் கொண்டு கடிதம் எழுத முடியாது. உங்கள் அம்மா பத்தாம் வகுப்புவரை படித்தவர். இரண்டு பேரும் பழைய கடித வழிகாட்டி ஒன்றைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாகப் பொறுக்கி, இப்படி எழுதினோம்: 'ஐ ஹாவ் ரிப்பெயர்ட் வாட்டர் பம்ப்ஸ் ஃபோர் ஃபோர்ட்டீன் இயர்ஸ்.' எழுதி முடித்ததும் அம்மா அதை எட்டத்தில் பிடித்துப் பார்த்தார். கோலம் பார்க்கிற மாதிரி.

"வடிவாத்தான் இருக்கு," என்றார். "இதை அப்பிடியே கொண்டுபோய்க் குடுத்தால் என்ன?"

அதுதான் முடியாது. எங்கள் ஊரில் ஆங்கிலக் கடிதத்தை ஒரு தெரிந்தவரிடம் காட்டாமல் கொடுப்பது கோவணத்தோடு சந்திக்குப் போவது போன்றது. தெரிந்தவருக்கும் ஒரு சட்டம் உண்டு. காட்டிய கடிதத்தில் அவர் எதையாவது வெட்ட வேண்டும். வெட்டாமல் திருப்பித் தந்தால் அவருக்கு ஆங்கிலம் தெரியாது என்று ஊர் சொல்லும். திருத்தாமல் கையெழுத்து வைத்த மனிதரை நான் வலிகாமத்தில் கண்டதில்லை. ஓய்வுபெற்ற அரசாங்க உத்தியோகத்தராக இருந்தால் இன்னொன்றும் உண்டு: கையெழுத்து வைத்த எதற்கும் ஒரு பிரதி தன்னுடைய கோப்பில் போட்டுக்கொள்வார். எதற்கு என்று கேட்கக் கூடாது. கோப்பு என்றால் கோப்பு.

எங்களுக்குக் கிட்ட இருந்த தெரிந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் ஓய்வுபெற்ற ஸ்ரேசன் மாஸ்ரர். மற்றவர் ஓய்வுபெற்ற ஆங்கில வாத்தியார். இரண்டு பேரும் பல வருடமாக ஒருவரோடு ஒருவர் பேசுவதில்லை. வாசிகசாலைத் திறப்பு விழா அழைப்பிதழின் ஆங்கிலப் பக்கத்தில் தொடங்கிய சண்டை என்று சொல்வார்கள். அந்தச் சண்டையில் விழா பிந்தியது, சண்டை பிந்தவில்லை.

முதலில் ஸ்ரேசன் மாஸ்ரரிடம் போனேன். அந்த வருடம் எங்கள் பக்கத்தில் ரயிலும் கிடையாது, தண்டவாளமும் கிடையாது. தண்டவாளமெல்லாம் குண்டுக்குப் பதுங்கும் பங்கருக்குக் கூரையாகிவிட்டது. ஆனால் மாஸ்ரர் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதை விடவில்லை. அவர் உத்தியோகம் பார்த்த காலமெல்லாம் தந்தியிலேயே ஆங்கிலம் எழுதியவர். தந்தியில் ஒரு சொல் கூடினால் மேலிடம் விளக்கம் கேட்கும். ஆகவே அவருக்கு யார் எழுதிய எதிலும் ஒரு சொல் கூடுதலாகத்தான் தெரியும்.

என் கடிதத்தை வாங்கி வாசித்தார். கடிகாரத்தைப் பார்த்தார். நீல மையால் 'ஹாவ்' மேல் ஒரு கோடு இழுத்தார்.

"மெசின் இப்ப திருத்துறீரோ?"

"இல்லை மாஸ்ரர். எண்ணெய் இல்லை, ஆர் கொண்டு வருவினம்?"

"அப்ப என்னத்துக்கு ஹாவ்? ஸ்ரேசனை விட்டுக் கோச்சி வெளிக்கிட்டுட்டுது. வெளிக்கிட்ட கோச்சிக்கு ஆரும் பச்சைக் கொடி காட்டுறவையே? முடிஞ்சது முடிஞ்சதுதான். சிம்பிள் பாஸ்ற். ரைப் அடிச்சுக்கொண்டு வாரும், கையெழுத்து வைக்கிறன்."

சந்தோசமாக வாத்தியார் வீட்டுக்கு மிதித்தேன். வாத்தியார் வெளிநாடு போகக் காத்திருந்தவர்களுக்கு விறாந்தையில் ஆங்கிலம் படிப்பித்துக்கொண்டிருந்தார். கொழும்புக்கே பாதை இல்லாத நேரத்தில், ரொறன்ரோவில் கடைக்காரனிடம் எப்படிக் கதைப்பது என்று பத்துப் பேர் ஒரே குரலில் சொல்லிப் பழகிக்கொண்டிருந்தார்கள். என்னையும் வாங்குப் பலகையில் அவர்களோடு இருத்தினார். கடிதத்தைப் பார்த்ததும் மூக்குக் கண்ணாடி மேலே போனது.

"உந்தச் சொல்லை ஆர் வெட்டினது?"

"ஸ்ரேசன் மாஸ்ரர், சேர்."

"கொடி ஆட்டினவர் இலக்கணம் பாக்க வெளிக்கிட்டுட்டார்! நீர் இண்டைக்கும் மெக்கானிக்கோ, இல்லையோ?"

"ஓம் சேர். ஆனால் வேலை..."

"வேலையைக் கேக்கேல்லை. ஆஸ்பத்திரியிலை ஒரு நாள் வருத்தக்காரர் வராட்டி டொக்ரர் டொக்ரர் இல்லையோ?"

"டொக்ரர்தான் சேர்."

"அப்ப ஹாவ். பிறசென்ற் பேர்ஃபெக்ற். போய் அவரிட்டைச் சொல்லும், நான் சொன்னனான் எண்டு. ஹாவ் இல்லாத கடிதத்திலை என்ரை கையெழுத்து விழாது."

சிவப்பு மையால் 'ஹாவ்' எழுதி அதைச் சுற்றி ஒரு வட்டமும் போட்டுத் தந்தார். பத்து மாணவர்களும் என்னை இரக்கத்தோடு பார்த்தார்கள்.

மாஸ்ரரிடம் திரும்பப் போனேன். வட்டத்தைக் கண்டதும் அவருடைய காது சிவந்தது. ஹாவை வெட்டினார், வட்டத்தையும் வெட்டினார். ஹாவ் உள்ள கடிதத்தில் தன்னுடைய கையெழுத்து விழாது என்றார். வாத்தியாரிடம் போனேன். மாஸ்ரரிடம் வந்தேன். காற்று வடக்கால் அடித்தாலும் தெற்கால் அடித்தாலும் எனக்கு எப்போதும் எதிர்க்காற்றாகவே இருந்தது. நாட்கள் போயின. கடிதத் தாள் நீலமும் சிவப்புமாக, அம்மை போட்ட பிள்ளையின் முகம் மாதிரி வந்துவிட்டது.

சலூனில் எனக்காகக் கட்சி பிரிந்தது. நான் கொட்டிலைத் திறக்கும் முன்பே உள்ளே இருந்து குரல் வரும்.

"அண்ணை, இண்டைக்கு ஹாவ் உள்ளுக்கோ, வெளியிலயோ?"

"நேற்றுப் பின்னேரம் உள்ளுக்கு."

"மாஸ்ரர் விடமாட்டார். மத்தியானத்துக்குள்ள வெளியில வந்திடும், பாருங்கோ."

பாதி முகம் சவரம் செய்த ஒரு வெங்காயக்காரர் சோப்பு நுரையோடு திரும்பிக் கேட்டார்: "உந்த ஹாவ் எண்டிறது என்ன, ஸ்பெயார் பாட்டோ?"

"அப்பிடித்தான் வைச்சுக்கொள்ளுங்கோ," என்றேன்.

"அது இல்லாமல் மெசின் ஓடுமோ?"

"ஒருத்தர் ஓடும் எண்டிறார், மற்றவர் ஓடாது எண்டிறார்."

"அப்ப கழட்டிப் பொக்கற்றிலை போட்டுக்கொண்டு போ தம்பி. கேட்டால் எடுத்துக் குடு."

எனக்குக் கிடைத்த இலக்கண விளக்கங்களில் இதைவிடத் தெளிவான ஒன்றை நான் இன்றுவரை கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை வந்துவிட்டது. அடுத்த நாள் கடிதம் கொடுக்கக் கடைசி நாள். அம்மா அடுப்படியில் கிழங்கை உரித்துக்கொண்டே சொன்னார்:

"இஞ்சாருங்கோ, ரெண்டு கடிதம் அடியுங்கோ. அவருக்குப் பிடிச்சது அவருக்கு, இவருக்குப் பிடிச்சது இவருக்கு."

"ரெண்டு பேரும் ஒரே கடிதத்திலை எல்லோ கையெழுத்து வைக்க வேணும்?"

"ரெண்டையும் சேர்த்துக் குடுங்கோ. ரெண்டு கடிதத்திலை ரெண்டு கையெழுத்து. அவைக்குக் கையெழுத்துத்தானே வேணும்?"

"அவை கண்டுபிடிச்சால்?"

"இத்தனை வருசம் கதைக்காத ரெண்டு பேர் எங்க சந்திச்சுக் கண்டுபிடிக்கிறது?"

இது மிகவும் புத்தியான யோசனை என்று எனக்குப் பட்டது. பசியோடு இருக்கும்போது இப்படித்தான் பல யோசனைகள் புத்தியாகப் படும். சந்தியில் ரைப் அடிக்கிறவரிடம் போய், ரிபன் காய்ந்துபோன மெசினில் இரண்டு கடிதம் அடித்தேன். ஒன்றில் ஹாவ் இருந்தது, ஒன்றில் இல்லை. மற்றதெல்லாம் ஒரே மாதிரி. இரண்டுக்கும் காபன் வைத்துப் பிரதியும் எடுத்தேன். மாஸ்ரர் தன்னுடைய கடிதத்தை வாசித்துத் திருப்திப்பட்டு, ஒரு முற்றுப்புள்ளியை மட்டும் தடிப்பாக்கிக் கையெழுத்து வைத்தார். வாத்தியார் தன்னுடையதில் ஒரு கமா போட்டுக் கையெழுத்து வைத்தார். இரண்டு பேரும் பிரதியை மடித்து வாங்கிக்கொண்டார்கள். இருவர் முகத்திலும் வெற்றி. புதன்கிழமை காலை நான் இரண்டு கடிதத்தையும் கந்தோரில் கொடுத்துவிட்டு வந்தேன். மேசைப் பிள்ளை அவற்றை வாங்கித் தட்டில் போட்டாள்.

வியாழக்கிழமை பத்து மணிக்கு மாஸ்ரர் தலைமயிர் வெட்டப் போனார். கதிரையில் இருந்தபடியே சேட்டுப் பொக்கற்றிலிருந்து பிரதியை எடுத்து, 'கடைசியில எந்த இங்கிலிஸ் நிண்டது, பாரும்' என்று சலூன்காரருக்கு நீட்டினார். பின்னால் வாங்கில் பத்திரிகையால் முகத்தை மறைத்தபடி வாத்தியார் இருந்ததை அவர் கவனிக்கவில்லை. பத்திரிகை இறங்கியது. வாத்தியாருடைய பொக்கற்றிலிருந்தும் ஒரு பிரதி வந்தது. அந்த இடத்தில் தான் கத்தரிக்கோலை நிலத்தில் போட்டுவிட்டதாகச் சலூன்காரர் பிறகு எனக்குச் சொன்னார்.

இரண்டு பேரும் ஒன்றாக நடந்து என் கொட்டிலுக்கு வந்தார்கள். அவர்கள் ஒன்றாக நடந்ததை ஊர் அன்றைக்குத்தான் பார்த்தது. மாஸ்ரருக்குப் பாதித் தலைமயிர்தான் வெட்டுப்பட்டிருந்தது.

"எங்கள் ரெண்டு பேரையும் மடையராக்கிப் போட்டீர்," என்றார் வாத்தியார்.

"நான் கையெழுத்து வைச்சது உண்மையான கடிதத்துக்கு," என்றார் மாஸ்ரர். "மற்றது கூடப் போகுது எண்டு ஏன் அறிவிக்கேல்லை?"

"மாஸ்ரர், சேர், பதினொரு நாளா நான்..."

"நாளைக்குக் காலமை கந்தோருக்குப் போறம்," என்றார் வாத்தியார். "ரெண்டு கையெழுத்தையும் திருப்பி வாங்கிறம்."

மாஸ்ரர் கடிகாரத்தைப் பார்த்தார். "எட்டு முப்பதுக்கு வெளிக்கிடுறம்."

அழைப்பிதழ் சண்டையில் உடைந்த உறவை நான் ஒட்டிவைத்தேன். ஒட்டிவைத்ததற்கு எனக்குக் கிடைத்த மரியாதை இது.

வெள்ளிக்கிழமை காலையில் இன்னொரு சங்கடம் வந்தது. வாத்தியாருக்குச் சைக்கிள் ஓடத் தெரியாது. மாஸ்ரர் தன்னுடைய சைக்கிளில் யாரையும் ஏற்றுவதில்லை. விதிமுறையாம். கடைசியில், என்னைக் குற்றம் சாட்டப் புறப்பட்ட வாத்தியாரை என் கரியரில் நானே ஏற்றிக்கொண்டு போனேன். முன்னால் மாஸ்ரர், நிமிர்ந்த முதுகோடு, ஒரே வேகத்தில். பின்னால் நாங்கள். பள்ளம் வந்தபோதெல்லாம் வாத்தியார், 'பாத்து ஓடும், பாத்து ஓடும்' என்றார். தன்னைப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்னுடைய பொறுப்பு என்பதில் அவருக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

கந்தோரில் நாங்கள் வாய் திறப்பதற்கு முன்பே மேசைப் பிள்ளை என்னைப் பார்த்து முகத்தைச் சுளித்தாள். அச்சுவேலிப் பக்கத்துப் பிள்ளை, நல்ல கெட்டிக்காரி.

"அண்ணை, உங்கடை பேரை வெள்ளைக்காரத் துரை வெட்டச் சொல்லிட்டார்."

"ஏன் தங்கச்சி?"

"ஒரே பேர், ஒரே விலாசம், ரெண்டு கடிதம். ஒண்டிலை மெக்கானிக். மற்றதிலை முந்தி மெக்கானிக்கா இருந்து விட்டவர். உங்கடை வீட்டிலை ஒரே பேரிலை ரெண்டு பேர் இருக்கினமோ?"

"இல்லை. நான் ஒராள்தான்."

"அப்ப டபிள். முகாமிலையும் சிலர் இப்பிடித்தான், ரெண்டு பேரிலை கார்ட் எடுத்து ரெண்டு பங்கு சாமான் வாங்கிறவை. துரைக்கு உது கண்ணிலை காட்டக் கூடாது. கள்ள விண்ணப்பம் எண்டு எழுதிப் போட்டார்."

வேலை போனது ஒரு பக்கம். இனி எந்த நிவாரணக் கந்தோர் வாசலிலும் கள்ளன் என்ற பெயரோடுதான் நிற்க வேண்டும். உங்கள் இரண்டு பேருக்கும் அம்மாவுக்கும் சேர்த்து அந்தப் பெயர்.

துரை உள்ளேயிருந்து வந்தார். ஒட்டகம் மாதிரி உயரமான, களைத்த மனிதர். வாத்தியார் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆங்கிலத்தில் தொடங்கினார். மாஸ்ரர் இடைமறித்தார். வாத்தியார் குரலை உயர்த்தினார். எனக்குப் பிடிபட்டது ஹாவ் என்ற சொல் மட்டும். அது இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கமும், அந்தப் பக்கமிருந்து இந்தப் பக்கமும் கரப்பந்து மாதிரிப் போய்வந்தது. கையெழுத்தைத் திருப்பி வாங்க வந்ததை இரண்டு பேரும் மறந்துவிட்டார்கள். துரை முதலில் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு பார்க்காமல் நின்றார். பிறகு பிள்ளையிடம் ஏதோ சொன்னார்.

"போதுமாம்," என்றாள் பிள்ளை. "உந்த ஹாவ் விசயம் தனக்கும் சரியாத் தெரியாதாம், தன்ரை தாய்மொழி இங்கிலிஸ் இல்லையாம். அவர் கேக்கிறது ஒண்டுதான். இவர் கள்ளனோ, இல்லையோ?"

இவ்வளவு தூரம் வந்து ஒரு வெள்ளைக்காரன் ஆங்கிலம் தனக்குத் தெரியாது என்று சொன்னதைத் தாங்குவதே இரண்டு பேருக்கும் கஷ்டமாக இருந்தது. அதற்கு மேல் இந்தக் கேள்வி. கள்ளன் இல்லை என்றால், இரண்டு கடிதம் ஏன் வந்தது என்று சொல்ல வேண்டும். சொன்னால் காரணம் யார் என்பதும் வெளியே வரும்.

மாஸ்ரர் கடிகாரத்தைப் பார்த்தார். பார்த்துவிட்டுத் தமிழில், பிள்ளையிடம், மெதுவாகச் சொன்னார்:

"கள்ளன் இல்லை. எங்கள் ரெண்டு பேருக்கும் பயந்து ரெண்டு எழுதினவர். அப்பிடிச் சொல்லும் பிள்ளை."

வாத்தியார் நிலத்தைப் பார்த்தபடி, "ஓம்," என்றார். அந்த 'ஓம்' அவருக்கு எவ்வளவு செலவு என்று எனக்குத் தெரியும்.

பிள்ளை மொழிபெயர்த்தாள். துரை என்னைப் பார்த்தார், அவர்களைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். பிறகு கேட்டார், பிள்ளை எனக்குச் சொன்னாள்: "கடைசியா எப்ப பம்ப் திருத்தினனீங்கள்?"

"பதினொரு மாசத்துக்கு முந்தி."

"கோப்பிலை ஒரு கடிதம்தான் இருக்கலாமாம். எதை வைக்கிறது எண்டு உங்களையே சொல்லட்டாம்."

என் பக்கம் இரண்டு தாள்களும் வந்தன. ஒரு பக்கம் மாஸ்ரர், ஒரு பக்கம் வாத்தியார். பிள்ளைகளே, நேர்மையைப் பற்றி நான் உங்களுக்கு அடிக்கடி சொல்வேன், ஆகவே இதையும் சொல்ல வேண்டும். பதினொரு மாதம் ஒரு பம்பையும் தொடாதவனுக்கு மாஸ்ரருடைய கடிதம்தான் பொருத்தம் என்று ஒரு மனம் சொன்னது. ஆனால் அந்தத் தாளை நான் எடுத்துப் பார்த்தபோது, அதில் இருந்தவன் செத்துப்போன ஒருவன் மாதிரி இருந்தான். இரங்கல் கூட்டத்தில் வாசிக்கிற வசனம். கீழே என்னுடைய கையெழுத்து.

"தங்கச்சி," என்றேன், "முடிஞ்சது மண்ணெண்ணெய். நான் முடியேல்லை. ஹாவ் உள்ளதை வைக்கச் சொல்லுங்கோ."

துரை தலையாட்டினார். மற்ற கடிதத்தை மடித்து மாஸ்ரருடைய கையில் கொடுத்தார். வாத்தியாருடைய நெஞ்சு இரண்டு அங்குலம் அகன்றது. அதோடு இன்னொரு சிக்கல் வந்தது. ஹாவ் உள்ள கடிதத்தின் அடியில் தெரிந்தவர் கையெழுத்து ஒன்றுதான் இருந்தது. இரண்டு வேண்டும்.

எல்லோரும் மாஸ்ரரைப் பார்த்தோம். தன் கடிதம் கையில் திரும்பி வந்த மனிதர், எதிரியின் கடிதத்துக்கு அடியில், எதிரியின் கையெழுத்துக்குக் கீழே, எதிரிக்கு முன்னால் கையெழுத்து வைக்க வேண்டும். அவர் திரும்பிச் சைக்கிளுக்குப் போயிருந்தால் நான் குறை சொல்லியிருக்க மாட்டேன். அவர் போகவில்லை. நீலப் பேனையைத் திறந்தார். கடிதத்தை வாசித்தார். திரும்ப வாசித்தார். மூன்றாம் தரமும் வாசித்தார். அப்போதுதான் எனக்கு விளங்கியது. மனிதர் கையெழுத்து வைக்கத் தயார். ஆனால் ஒன்றையும் வெட்டாமல் கையெழுத்து வைக்க அவரால் முடியவில்லை. ஹாவைத் தொட முடியாது. அதனால் வேறு பிழை தேடுகிறார்.

கடைசியில் அவருடைய முகம் மலர்ந்தது. 'பம்ப்ஸ்' என்ற சொல்லின் கடைசி எழுத்தில் பேனை நின்றது.

"உந்த எஸ் அநாவசியம்," என்றார். வெட்டினார். ஓரத்தில் தன் சுருக்கொப்பத்தை வைத்தார். அடியில் அழகாகக் கையெழுத்து வைத்தார்.

வாத்தியாருடைய வாய் திறந்தது. அதிலிருந்து என்ன வரப்போகிறது என்று எனக்குத் தெரியும். அது வந்தால் மாஸ்ரர் பேனையைத் திரும்பத் திறப்பார் என்றும் தெரியும். நான் என்னுடைய செருப்பால் வாத்தியாருடைய செருப்பின் நுனியை மெதுவாக, ஆனால் நன்றாக மிதித்தேன். ஒரு ஆசிரியரின் காலை மிதித்தது என் வாழ்க்கையில் அந்த ஒரு தரம்தான். அவர் என்னைப் பார்த்தார். வாய் மூடியது.

துரை கடிதத்தைக் கோப்பில் செருகினார். "திங்கட்கிழமை ஏழரைக்கு வரட்டாம்," என்றாள் பிள்ளை. "பம்ப் திருத்துற சாவிப் பெட்டியையும் கொண்டு வரட்டாம்."

திரும்பி வரும்போது மாஸ்ரர் முன்னால் போய்விட்டார், அவருக்கு மீதித் தலை வெட்ட வேண்டியிருந்தது. நான் வாத்தியாரை ஏற்றிக்கொண்டு மிதித்தேன். கொஞ்சத் தூரம் போனதும் அவர் கரியரில் இருந்தபடி என் முதுகுக்குச் சொன்னார்:

"எஸ் இல்லாமல் இப்ப அந்தக் கடிதம் என்ன சொல்லுது, தெரியுமோ?"

"தெரியாது சேர்."

"பதினாலு வருசமா நீர் ஒரே ஒரு பம்பைத் திருத்திக்கொண்டு இருக்கிறீராம். ஒரே ஒரு பம்பை! அப்பிடிப்பட்ட ஒருத்தனுக்கு ஆர் வேலை குடுப்பினம்?"

"வேலை தந்திட்டினம் சேர்."

"அது வேறை விசயம்," என்றார் வாத்தியார். "பள்ளம் வருது, பாத்து ஓடும்."